மடியில் கனமில்லை என்றால் வழியில் வலியில்லை!

எழுதுவதற்கென்று ஒரு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சின்னப் பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் இருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டு, அரைக்கிலோ துவரம்பருப்பு ஒன்று எடுத்து ஒரு தோள்பையில் போடுங்கள். பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். அப்படியே தெருமுனை பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் பையில் இருந்து ஒரு உப்புப் பாக்கெட்டை எடுத்துவிட்டு மறுபடியும் அதே நடை.

முதல் தடவை நீங்கள் சுமந்தது, கடைகளில் அதிகம் விற்கும் 15.6 இன்ச் லேப்டாப்பும் அதன் சார்ஜரும் சேர்ந்த எடை. இரண்டாம் தடவை சுமந்தது, 13 இன்ச் 'லைட்வெயிட்' லேப்டாப்பும் அதன் சார்ஜரும். வித்தியாசம் ஒரே ஒரு கிலோதான். 'ப்பூ... ஒரு கிலோதானே!' என்று கடையில் நின்றபடி சொல்லிவிடலாம். அந்த ஒரு கிலோவை வாரத்தில் ஐந்து நாள், நாலைந்து வருஷம் சுமக்கப் போவது உங்கள் தோள். அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாடக்குறிப்பு எழுதும் டீச்சர், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மகள், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்யும் மருமகள், ரிடையர் ஆனபிறகு குடும்பக் கதையை எழுத உட்கார்ந்திருக்கும் அப்பா... இவர்களுக்கெல்லாம் வேண்டியது எழுத ஒரு பெட்டி. காலையில் சாப்பாட்டு மேஜை, மத்தியானம் லைப்ரரி, ராத்திரி ரயில் என்று கூடவே வரவேண்டிய பெட்டி. ஆனால், கடைக்குப் போனால் என்ன நடக்கிறது? "சார், இதுல கேம் ஆடலாம், வீடியோ எடிட்டிங் பண்ணலாம். ஸ்கிரீன் பெரிசு சார். ரேட்டும் குறைச்சல்!" கடைப் பையன் அடுக்குகிறான். கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லி எவனாவது கேட்டிருக்கிறானா?

திருவண்ணாமலையில் வளர்ந்தவர்

கையில் எடுத்துக்கொண்டு போகும் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்து வெற்றிகரமாக விற்ற மனிதர் நம் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஆடம் ஆஸ்போர்ன் என்று பெயர். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தர். ரமணரைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அதனால் பையனின் இளம்பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. பிற்பாடு அமெரிக்கா போய், 1981-ல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். விலை 1,795 டாலர். விமான சீட்டுக்கு அடியில் வைக்கிற மாதிரி, தையல் மிஷின் பெட்டி சைஸில் இருக்கும். எழுதுவதற்கு 'வேர்ட்ஸ்டார்' என்ற மென்பொருளையும் கூடவே கொடுத்தார். எல்லாம் சரி, எடை? கிட்டத்தட்ட 11 கிலோ! திரையோ ஐந்தே இன்ச். கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யாது. அதையும் ஜனங்கள் முட்டிமோதி வாங்கினார்கள். (ஆஸ்போர்ன் கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்தார். 2003-ல் அங்கேயே காலமானார்.)

இரண்டே வருஷம் கழித்து, 1983-ல், 'மாடல் 100' என்று ஒன்று அமெரிக்காவில் வந்தது. கிட்டத்தட்ட ஒரு தடிமனான நோட்டுப்புத்தகம் அளவு, எடை சுமார் 1.4 கிலோ. நாலு பென்சில் பேட்டரி போட்டால் இருபது மணி நேரம் ஓடும். திரையில் எட்டே வரிதான் தெரியும். ஆனாலும் பத்திரிகை நிருபர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஏன் தெரியுமா? அதன் கீபோர்டு அருமையாக இருந்தது, பேட்டரி ஏமாற்றவில்லை, தூக்குவதற்கு லேசாக இருந்தது. நாற்பது வருஷம் ஓடிப்போச்சு. எழுதுகிறவருக்கு வேண்டிய மூன்றும் இன்றைக்கும் அதே மூன்றுதான்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு பழுப்பு நிற ஆபீஸ் கவருக்குள் இருந்து 'மேக்புக் ஏர்' லேப்டாப்பை உருவி எடுத்துக் காட்டினாரே, அதன் எடை 1.36 கிலோ. அதற்குப் பிறகுதான் 'லேசு' என்பது எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரு போட்டியாக மாறியது. இன்று 13, 14 இன்ச்சில் 1 கிலோவில் இருந்து 1.4 கிலோவுக்குள் பல மாடல்கள் இருக்கின்றன.

என் கணக்கு இதுதான்: தினமும் வெளியே எடுத்துப் போகிறவர் என்றால் 1.3 கிலோவைத் தாண்ட வேண்டாம். வாரம் ஒருமுறை என்றால் 1.6 வரை பரவாயில்லை. வீட்டைவிட்டு நகராது என்றால், லேப்டாப்பே எதற்கு? டெஸ்க்டாப் வாங்கிவிடுங்கள், கழுத்து உங்களை வாழ்த்தும்.

பெட்டியின் எடையோடு பையின் எடையையும் பார்க்க மறக்காதீர்கள். சில தோல் பைகள் காலியாகவே ஒரு கிலோ இருக்கும். லேப்டாப்பில் இருநூறு கிராம் குறைப்பதற்காகப் பதினைந்தாயிரம் கூடக் கொடுத்துவிட்டு, அதைக் கொண்டுபோய் ஒரு கிலோ பையில் போட்டால் என்ன லாபம்? துணிப் பையோ நைலான் பையோ போதும். இரண்டு தோளிலும் மாட்டுகிற பையாக இருக்கட்டும். ஒரே தோளில் மாட்டும்போது, பை நழுவாமல் இருக்க அந்தத் தோளை நம்மை அறியாமல் தூக்கிப் பிடிக்கிறோம். கழுத்தில் இருந்து தோள்பட்டைக்கு இறங்கும் தசை முழு நேரமும் இறுக்கமாகவே இருக்கும். சாயங்காலம் 'தோள்பட்டை கடுக்குதே' என்று தைலம் தேய்ப்பது இதனால்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புத்தகப்பை இருக்கக்கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. பெரியவர்களுக்கு அப்படி யாரும் கொள்கை போடவில்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கழுத்தா, கையா?

லேப்டாப்பிலேயே ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் தீராத கோளாறு. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள்! கை சௌகரியமாக இருக்கவேண்டுமென்று கீழே வைத்தால் கழுத்து குனிகிறது. கழுத்து நிமிரவேண்டுமென்று மேலே தூக்கினால் கை தொங்குகிறது.

நம் தலை நாலரையிலிருந்து ஐந்தரை கிலோ இருக்கும். நேராக நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்புக்கு அது ஒரு பாரமே இல்லை. குனியக் குனியத்தான் வினை. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் இறங்கும் பாரம் 12 கிலோ, 30 டிகிரிக்கு 18 கிலோ, 60 டிகிரிக்கு 27 கிலோ என்று வந்தது. இது நோயாளிகளை வைத்து அளந்ததல்ல, கணக்குதான். இருந்தாலும் விஷயம் புரிகிறதல்லவா? மடியில் வைத்து எழுதும்போது நன்றாகவே குனிகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு தமிழாசிரியை. முப்பது வருஷம் போர்டில் எழுதிய கை. தன் அம்மா சொன்ன கிராமத்துக் கதைகளையெல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஆசை. வெளியூரில் இருக்கும் மகன் பாசத்தோடு ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பினான். கேமிங் மாடல், இரண்டரைக் கிலோ, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை போட்டு, அதன்மேல் வைத்து எழுதினார். மூன்றே மாதம். கழுத்துவலி, பின்னந்தலை வலி, வலது கையில் மதமதப்பு. 'இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?' என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் மூடி வைத்துவிட்டார். பதினாறு கதையோடு நின்றுபோயிற்று.

அவரை மறுபடி எழுத வைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். புதுசாக எதுவும் பெரிதாக வாங்கச் சொல்லவில்லை. லேப்டாப்பை மேஜைக்கு மாற்றச் சொன்னார். அடியில் ஐந்தாறு தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையை உயர்த்தச் சொன்னார். சில நூறு ரூபாயில் தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கி இணைக்கச் சொன்னார். கூடவே கழுத்துக்குச் சில பயிற்சிகள், அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடை. இரண்டு மாதத்தில் டீச்சர் பதினேழாவது கதையை ஆரம்பித்துவிட்டார். ஆனால், அந்தக் கனத்த பெட்டியை ஊருக்கு எடுத்துப் போக மட்டும் அவரால் இன்றுவரை முடியவில்லை. கதை சொன்ன பெரியம்மா, அத்தையெல்லாம் ஊரில்தான் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டு அங்கேயே எழுத ஆசை. அவர்களுக்கெல்லாம் எண்பதுக்கு மேல் வயது. இங்கேதான் எடை என்பது வெறும் சௌகரிய விஷயம் இல்லாமல் போகிறது.

ஆக, பட்ஜெட் போடும்போதே தனிக் கீபோர்டு, மவுஸ் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது இந்த ஏற்பாடு. வெளியே போகும்போது மட்டும் வெறும் லேப்டாப். வீட்டில் எழுதும்போது திரையின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்கு இருக்கட்டும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடுகிற தூரம். முழங்கை உடம்போடு ஒட்டி, சுமார் 90 டிகிரி மடங்கியிருக்கட்டும். பாதம் தரையில் படவேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதை முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை. 'பைஃபோகல்', 'ப்ரோக்ரஸிவ்' கண்ணாடி போட்டவர்கள் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தக் கூடாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க முகவாயைத் தூக்குவார்கள்; கழுத்து பின்பக்கமாக மடங்கும். அது குனிவதைவிட மோசம். இவர்கள் திரையைக் கொஞ்சம் தாழ்த்தி, பின்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். அல்லது கண் டாக்டரிடம் சொல்லி, கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி எழுதி வாங்கலாம்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் எழுத்து வரும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். தப்பே இல்லை. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை வைத்திருந்த சாய்வு மேஜை மாதிரி ஒன்று பரணில் கிடந்தால் தூசி தட்டுங்கள். முதுகுக்குச் சுவர் வேண்டும்.

விரலைக் கேளுங்கள்

எழுதுகிறவர் லேப்டாப்பில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது கீபோர்டு. 12 இன்ச்சுக்குக் கீழே போனால் பொத்தான்கள் நெருக்கமாகிவிடும். 2007-ல் 'நெட்புக்' என்று ஏழு இன்ச்சில் வந்ததே, ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனால், பெரியவர் விரல் ஒன்று வைத்தால் இரண்டு எழுத்து விழும்! சாதாரண கீபோர்டில் ஒரு பொத்தானின் நடுவில் இருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். 13 இன்ச் லேப்டாப்பில் இந்த அளவு தாராளமாகக் கிடைக்கிறது. அதனால்தான் லேசும் வேண்டும், கையும் நோகக்கூடாது என்பவர்களுக்கு 13, 14 இன்ச் என்று சொல்கிறோம்.

பொத்தான் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் முக்கியம். ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கினால் விரலுக்கு 'அமுக்கினோம்' என்று தெரியும். மெலிசு, மெலிசு என்று போய்ப் பொத்தானையும் தட்டையாக்கிவிட்டால், மேஜையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆப்பிள் கம்பெனியே 2015-ல் இருந்து 2019 வரை ரொம்ப மெலிதான 'பட்டர்ஃப்ளை' கீபோர்டு போட்டுப் பார்த்தது. தூசி போனால் சிக்கிக்கொள்கிறது என்று புகார்கள் குவிய, 2018-ல் இலவச ரிப்பேர் திட்டம் அறிவித்து, அப்புறம் பழைய முறைக்கே திரும்பிவிட்டது. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் இந்த வருஷங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

15.6 இன்ச் மாடல்களில் வலது பக்கம் எண்களுக்கென்று தனி வரிசை இருக்கும். கணக்கு எழுதுபவருக்கு அது வரப்பிரசாதம். கதை எழுதுபவருக்கு? எழுத்துப் பொத்தான்கள் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் உடம்பை லேசாகத் திருகியபடியே உட்கார வேண்டியிருக்கும். வேண்டாமே!

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறைதான் பலருக்குப் பழக்கம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' முறையை ஒரு பத்து நாள் பழகிப் பாருங்கள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். 'பந்து' என்று எழுத ப, ந, த, உ என்று நாலு தட்டு. புள்ளி தானாக விழும். இங்கிலீஷ் வழியில் போனால் ஆறு தட்டு ஆகிவிடும். நாளைக்கு ஆயிரம் வார்த்தை எழுதுகிறவருக்கு விரல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலுமே தமிழ்99 இப்போது கூடவே வருகிறது. டைப்ரைட்டிங்கில் தமிழ் 'ஹையர்' பாஸ் பண்ணிய அக்காமார்கள் கவலைப்பட வேண்டாம், பழைய தட்டச்சு முறைக்கும் மென்பொருள் இருக்கிறது.

இன்னொன்று. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போகிறதா? ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்களா? சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படும் 'கார்ப்பல் டனல்' தொல்லையாக இருக்கலாம். பழியை உடனே லேப்டாப் மேல் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம்... இவற்றிலும் இது வரும். டாக்டரைப் பார்த்தால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார். தள்ளிப்போட்டால் கட்டைவிரல் தசை இளைத்துப்போகும்.

கண் சிமிட்ட மறக்கும் கண்

ஜப்பானிய டாக்டர்கள் 1993-லேயே எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சராசரியாக 22 தடவை கண் சிமிட்டுகிறோம். புத்தகம் படிக்கும்போது 10. கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7! கண்ணில் எரிச்சல், மணல் விழுந்தது மாதிரி உறுத்தல் எல்லாம் இதனால்தான். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது, இருபது விநாடி பாருங்கள். எதிர்வீட்டு வேப்பமரமானாலும் சரி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: கண்ணாடி மாதிரி பளபளக்காத, 'மேட்' திரை. வெளிச்ச அளவை 'நிட்ஸ்' என்று சொல்வார்கள். 250 இருந்தால் வீட்டுக்குள் ஒப்பேற்றலாம். ரயில் ஜன்னலோரம், திண்ணை என்று எழுதுகிறவருக்கு 400 வேண்டும். வழக்கமான திரையைவிட உயரம் கொஞ்சம் கூடின '16:10' திரையில் நாலைந்து வரி கூடத் தெரியும்.

அப்புறம் கண்ணாடிக் கடையில் 'ப்ளூ லைட் கண்ணாடி போடுங்க மேடம், கம்ப்யூட்டர் பாக்கிறீங்கள்ல' என்பார்கள். 17 ஆய்வுகளை அலசிய 'காக்ரேன்' அறிக்கை ஒன்று 2023-ல் வந்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கண் அயர்ச்சியைக் குறைப்பதில் குறுகிய காலத்துக்கு வித்தியாசம் இருக்காது என்றே அது சொல்கிறது. அந்தக் காசை நல்ல திரைக்குப் போடலாம்.

மடியில் நெருப்பா?

பெயர்தான் மடிக்கணினி; மடியில் வைக்காமல் இருப்பதே நல்லது. 2010-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். பல மாதங்கள், தினமும் சில மணி நேரம் மடியில் லேப்டாப் வைத்து விளையாடியிருக்கிறான். இடது தொடையில் வலை பின்னியது மாதிரி கருந்திட்டு! நம் பாட்டிகள் குமுட்டி அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து குளிர் காய்ந்தால் காலில் வருமே, அதே வகைதான். சூடு பொறுக்கிற அளவில் இருக்கும், கொப்புளம் வராது. ஆனால் தினம் தினம் பட்டால் தோல் நிறம் மாறிவிடும்.

குழந்தைக்குத் திட்டமிடும் இளம் தம்பதிகளுக்கு: நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் 29 ஆரோக்கியமான ஆண்களை ஒரு மணி நேரம் மடியில் லேப்டாப்போடு உட்கார வைத்து அளந்தார்கள். விதைப்பையின் வெப்பம் இரண்டரை டிகிரி செல்சியஸுக்கும் மேல் ஏறியிருந்தது. கால்களைச் சேர்த்து வைத்து உட்காருவதும் ஒரு காரணம். விந்தணு உற்பத்திக்கு அந்த இடம் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கணவரை மேஜைக்கு அனுப்பிவிடுங்கள்!

எழுதும் வேலைக்குப் பெரிய 'ப்ராஸஸர்' தேவையில்லை. அதனால் சூடு குறைவான, விசிறியே இல்லாத மாடலையும் தைரியமாக வாங்கலாம். சத்தமும் இருக்காது, பக்கத்தில் குழந்தை தூங்கும். உலோக உடம்பு லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் 'சுர்'ரென்று எறும்பு ஊறுகிற மாதிரி சிலருக்குத் தெரியும். இரண்டு முள் சார்ஜரில் 'எர்த்' இல்லாததால் கசியும் சிறு மின்சாரம் அது. மூன்று முள் ப்ளக் உள்ள கேபிளை வாங்கிப் போடுங்கள். அப்போதும் இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள். அது லேப்டாப்புக்கு மட்டுமான பிரச்னை இல்லை.

வெளியூர்ப் பயணம்

பேட்டரி விளம்பரத்தில் '18 மணி நேரம்' என்று போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள், நீங்களே கணக்குப் போடுங்கள். பேட்டரியின் அளவு 'வாட் அவர்' என்று குறித்திருக்கும். எழுதும் வேலைக்கு லேசான லேப்டாப் மணிக்கு 5 முதல் 7 வாட் வரை குடிக்கும். 52 வாட் அவர் பேட்டரி என்றால் ஏழில் இருந்து பத்து மணி நேரம். சென்னையில் பகல் ரயிலேறி மதுரை போய்ச் சேரும்வரை எழுதலாம்.

சார்ஜர் 'டைப்-சி' வகையாக இருக்கட்டும். செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே சார்ஜர், கால் கிலோ மிச்சம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கு இதையே கட்டாயமாக்கிச் சட்டம் போட்டிருக்கிறது. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியோடு போடக்கூடாது. 100 வாட் அவருக்கு மேல் இருந்தால் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். '20,000 எம்.ஏ.ஹெச்.' பவர் பேங்க் என்பது 74 வாட் அவர்தான், பயமில்லை.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை நாலு வரியில் முடித்துவிடலாம். ரேம் 16 ஜி.பி. இருந்தால் நாலைந்து வருஷத்துக்கு நிம்மதி; 8 ஜி.பி. குறைந்தபட்சம். லேசான மாடல்கள் பலவற்றில் பிற்பாடு கூட்ட முடியாது, பலகையோடு ஒட்டியே வருகிறது. 'எஸ்.எஸ்.டி.' 256 ஜி.பி. எழுத்துக்கு எதேஷ்டம். செகண்ட்ஹேண்ட் பார்க்கிறவர்கள் கவனம்: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும்.

கடையில் நிற்கும்போது கூச்சமே வேண்டாம். வீட்டில் எழுதும்போது போடும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள். எழுதப் போகிறவரையே அழைத்துப் போங்கள், அம்மாவுக்கு என்றால் அம்மாவை. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து, நோட்பேடைத் திறந்து, பத்து நிமிஷம் எழுதுங்கள். 'சோதனை சோதனை' என்று ஒரு வரி போதாது. ஒரு முழுப் பக்கம். அடிப்பகுதியில் கை வைத்துச் சூடு பாருங்கள். மூடி, ஒற்றைக் கையால் தூக்கி, கடைவாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். பையன் பின்னாலேயே ஓடி வருவான், வரட்டும்!